அந்தமானில் போன பணமும் ஷோகேஸில் இருக்கும் கல்லும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டலில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருகிறவர். கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குள் ஒரு தடவையாவது தனியாக எங்காவது போய்விட வேண்டும் என்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், பொங்கல் கழிந்து அந்தமான் போய் வந்திருக்கிறார். டார்மிட்டரியில் படுக்கை, அரசு ஃபெர்ரியில் டிக்கெட், பாதி நாள் பரோட்டா, பாதி நாள் பிரெட் ஆம்லெட் என்று கையைக் கடிக்காத பயணம். போர்ட் பிளேரில் இறங்கியதும் ஆட்டோக்காரரே தமிழில் பேசியதில் பாதிப் பயம் போய்விட்டதாம்.

நடந்ததை 'நல்லது', 'கெட்டது' என்று இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதியிருக்கிறார். நல்லதில் வருபவை: ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை. துடுப்பு போட்டால் நீலமாக மின்னும் இரவுக் கடல். நீல் தீவின் இயற்கைப் பாலத்தருகே நீர் வற்றியிருந்தபோது பொறுக்கிய, உள்ளங்கை அளவு பவளப்பாறைத் துண்டு. பாரடாங் தீவுக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த ஜாரவா பழங்குடி மக்கள் வீடியோ. கெட்டதில் வருபவை: வாடகை ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து, லைசென்சைப் பிடித்து வைத்துக்கொண்டு ஸ்கூட்டர்க்காரர் வாங்கிய 14,000 ரூபாய். கடல் கொந்தளிப்பால் ஃபெர்ரி ரத்தாகி, போர்ட் பிளேர் விமானத்தைத் தவறவிட்டு, புது டிக்கெட்டுக்குக் கொடுத்த 11,600 ரூபாய். கேட்ட பணத்தைத் தர முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்ட இன்சூரன்ஸ் கம்பெனி.

"வக்கீல் அக்கா, இதில் எதாச்சும் திரும்ப வருமாங்க? அதுக்கு நான் போர்ட் பிளேர் கோர்ட்டுக்கு அலையோணுமா? 'தனியாப் போனா இப்படித்தான் ஆகும்'னு எங்கப்பா சொல்றாருங்க, அவருக்கு என்ன பதில் சொல்றது?" என்பது கேள்வி. கடைசியில் ஒரு பின்குறிப்பு: "ஷோகேஸில் வெச்சிருக்கிற கல்லைப் பெரியப்பா பையன் மீன் தொட்டிக்கு விலைக்குக் கேக்கறான். குடுக்கலாமா, இல்ல தப்புன்னா கூரியர்ல அங்கயே திருப்பி அனுப்பிடலாமா?"

அம்மணி, நீங்கள் போட்ட கோடு என் கண்ணுக்கு வேறு இடத்தில் விழுகிறது. கெட்டது என்று நீங்கள் எழுதியது மூன்றும் வெறும் பண விவகாரம். அதில் ஒரு பகுதியை ஈரோட்டைத் தாண்டாமலே திரும்பக் கேட்கலாம். நல்லது என்று எழுதிய நான்கில் இரண்டு, ஜெயில் தண்டனை உள்ள குற்றங்கள். அதனால் உங்கள் பின்குறிப்பை முன்னால் கொண்டுவந்து அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஷோகேஸில் இருக்கும் கல்

"கரையில் கிடந்த செத்த கல்தானே, நான் ஒன்றும் உடைத்து எடுக்கவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பாறையாக வளரும் பவள இனங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில். பவளம் ஒரு விலங்கு. நீங்கள் எடுத்து வந்தது அதன் கூடு. புலி தானாகச் செத்துக் கிடந்தாலும் அதன் நகத்தைக் கழற்றிச் சங்கிலியில் கோத்துக்கொள்ள முடியாதல்லவா, அதே கணக்குத்தான். முதல் அட்டவணை உயிர் சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

"ஏர்போர்ட்டில் விட்டுவிட்டார்களே" என்பது உங்கள் அடுத்த சமாதானம். பெட்டியில் துணிக்குள் சுருட்டி வைத்தது ஸ்கேனரில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அனுமதி கொடுத்ததாக அதற்கு அர்த்தமில்லை. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் இதே மாதிரித் துண்டுகளைப் பயணிகளிடமிருந்து பிடுங்கி வைப்பது வழக்கமாக நடப்பது.

இப்போது உங்கள் முன்னால் உள்ள வழிகளைப் பார்ப்போம். பெரியப்பா பையனுக்கு விற்பது எல்லாவற்றிலும் மோசம். தெரியாமல் எடுத்து வந்தவர் என்ற இடத்திலிருந்து வனவிலங்குப் பொருளை விற்றவர் என்ற இடத்துக்குப் போய்விடுவீர்கள், அவனும் உள்ளே வருவான். சும்மா கொடுத்தாலும் அவன் பொறுப்பாளி ஆகிறான். கூரியர் யோசனை நல்ல மனதில் வந்ததுதான். ஆனால் அனுமதியில்லாமல் அதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவதும் தனியாக ஒரு தப்பு. பார்சல் வழியில் மாட்டினால் அனுப்புநர் முகவரியில் உங்கள் பெயர்தான் இருக்கும். கீழ்பவானி வாய்க்காலில் போட்டுவிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஒரு வக்கீலாக நான் அதைச் சொல்ல மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். ஷோகேஸை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் கல் எங்கே என்று கேட்டால் பதில் இன்னும் சிக்கலாகும்.

மிச்சம் இருப்பது ஒன்று: உங்கள் பகுதி மாவட்ட வன அலுவலரிடம் ஒரு வக்கீல் மூலம், எழுத்துப்பூர்வமாக ஒப்படைப்பது. எங்கே, எப்போது, என்ன நினைத்து எடுத்தீர்கள் என்பதைச் சுருக்கமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். தானாக ஒப்படைத்தவர் மேல் வழக்குப் போடக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை, இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வியாபார நோக்கம் இல்லாமல், ஒரே ஒரு துண்டை, தானே கொண்டுவந்து கொடுத்தவரை அதிகாரி பார்க்கும் பார்வையும், ரீலைப் பார்த்துத் தேடி வந்து பிடிக்கப்பட்டவரைப் பார்க்கும் பார்வையும் ஒன்றல்ல. கடிதத்தில் போடும் ஒவ்வொரு வரியும் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகலாம் என்பதால் நீங்களாக எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். நேரில் ஒரு வக்கீலைப் பார்த்த பிறகு செய்யுங்கள். அதுவரை கல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், யார் கைக்கும் போக வேண்டாம்.

அதே ஷோகேஸில் சாகரிகா அரசு எம்போரியத்தில் வாங்கிய சிப்பி வளையலும் இருக்கிறது என்கிறீர்கள். பில் இருக்கிறதல்லவா? அதைப் பத்திரமாக வையுங்கள், அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

ஜாரவா வீடியோ

இதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பாரடாங் போகும் சாலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் காவலோடு கான்வாயாக அனுப்புகிறார்கள். வழியில் நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று போர்டே இருக்கிறது. "எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன்" என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

1956-ல் வந்த அந்தமான் நிக்கோபார் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையை 2012-ல் திருத்தி இறுக்கினார்கள். அதன்படி ஜாரவா மக்களைப் படம் பிடிப்பது சிறைத் தண்டனை வரை போகிற குற்றம். காரணம் வெறும் மரியாதை மட்டுமல்ல. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். 1990-களின் கடைசி வரை வெளியாட்களை அண்டவிடாமல் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள். வெளியுலகப் பழக்கம் வந்த கொஞ்ச காலத்திலேயே தட்டம்மை பரவி அவதிப்பட்டார்கள். அந்தச் சாலையின் காட்டுப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவு போட்டது. இன்றும் கான்வாய் போய்க்கொண்டிருக்கிறது. நம் அம்மிச்சி வாசலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாகப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் நம் வீட்டில் எத்தனை பேர் கம்பு எடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வீடியோ உங்கள் பங்காளி குரூப்பிலும், அங்கிருந்து வேறு குரூப்புகளிலும் போயிருக்கிறது. இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். பொதுவில் எங்காவது போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். "என் மகள் எடுத்தது" என்று அப்பா பெருமையாகப் போட்ட ஸ்டேட்டஸும் இதில் சேர்த்திதான். போனில் இருக்கும் மூலப் பதிவை என்ன செய்வது என்பதை, கல்லைப் பற்றிப் பேசப் போகும் அதே வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதற்காக உங்களைத் தேடிக் கோபிக்குப் போலீஸ் வர வாய்ப்பு குறைவுதான். ஆனால் பரவிக்கொண்டே இருக்கும் வரை அந்த வாய்ப்பு உயிரோடு இருக்கும்.

ஸ்கூட்டர்க்காரருக்குக் கொடுத்த 14,000

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். தை மாதத்தில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும். நம் ஊர் கணக்கில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று ராதாநகரில் உட்கார்ந்துவிட்டு, படகுத்துறைப் பக்கம் திரும்பும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை இருட்டில் ஓட்டி, வளைவில் மணலில் சறுக்கியிருக்கிறீர்கள். முட்டி சிராய்ப்போடு போனது நல்ல காலம்.

விழுந்த வண்டியின் போட்டோ ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கண்ணாடி உடைந்திருக்கிறது, முன் மட்கார்டில் விரிசல், பக்கவாட்டில் கீறல். அதைவிட முக்கியமாக நம்பர் பிளேட் வெள்ளை, எழுத்து கறுப்பு. தானே ஓட்டிப் போக வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்தது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. நீங்கள் அன்றைக்கு யார் மேலாவது இடித்திருந்தால், வாடகைக்கு விட்டதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்திருக்கும், பிரச்சினை உங்கள் தலையில் வந்து விடிந்திருக்கும். அடுத்த முறை எந்த ஊரானாலும் சாவி வாங்குவதற்கு முன் பிளேட்டைப் பாருங்கள். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

லைசென்சைப் பிடித்து வைப்பது அவருடைய உரிமை என்று நினைத்திருக்கிறீர்கள். தனி ஆள் யாருக்கும் அந்த உரிமை கிடையாது. ஓட்டுநர் உரிமத்தைப் பறிமுதல் செய்ய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர்கள் போலீசும் அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர்களும்தான். டிஜிலாக்கரில் உள்ள லைசென்சே நாடு முழுக்கச் செல்லும் என்பதால் அசலை யார் கையிலும் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் ஒன்று, விழுந்தது நீங்கள். சேதத்துக்கு நியாயமான தொகை கொடுக்கத்தான் வேண்டும். கேள்வி 14,000 நியாயமா என்பது. கிழித்த நோட்டுத் தாளில் "பாடி வொர்க்" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்தப் பாகம், என்ன விலை, எந்த ஒர்க்‌ஷாப் என்று எதுவும் இல்லை. ஃபெர்ரிக்கு நேரமாகிறது என்ற நெருக்கடியில் ஜீபே பண்ணியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் உள்ள பலம் இதுதான்.

போர்ட் பிளேர் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உங்களுக்கு ஈரோடு போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். எழுதும்போது 'சேவைக் குறைபாடு', 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்று எழுதுங்கள். ஸ்கூட்டர்க்காரர் உங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளைப் பிடித்துக்கொண்டு 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதினால், அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போகும், வீண் அலைச்சல்.

இவ்வளவு சொன்னாலும், இந்தப் பணத்துக்காக வழக்கு வரை போகச் சொல்ல எனக்கு மனசில்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் அப்படி முடிவதில்லை. தீர்ப்பு வந்தாலும் கடல் தாண்டி இருக்கும் ஒரு சின்ன ஸ்கூட்டர் கடைக்காரரிடம் வசூலிப்பது தனிப் பாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். கூடவே ஒர்க்‌ஷாப் பில்லைக் கேட்டு, வெள்ளை பிளேட் விஷயத்தையும் குறிப்பிட்டு ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போகட்டும். பிளேட் வரி அவருக்குப் புரியும். பாதித் தொகை தருகிறேன் என்று வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பேச்சையும் ஜீபே ரசீதையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.

தவறவிட்ட விமானமும் இன்சூரன்சும்

ஃபெர்ரி டிக்கெட் பணம் திரும்ப வந்துவிட்டது, அது முடிந்தது. விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது, நீங்கள்தான் போய்ச் சேரவில்லை. அதனால் விமானக் கம்பெனி மேல் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் "நான்-ரீஃபண்டபிள், ஒரு பைசா வராது" என்று புக்கிங் தளம் சொன்னதை நம்பிவிட்டீர்களே, அது தப்பு. எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாதவருக்கு அரசு வரியையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பெரிய தொகையாக இருக்காது, இருந்தாலும் உங்கள் பணம். பிஎன்ஆர் எண்ணைப் போட்டு விமானக் கம்பெனிக்கே நேரடியாக மெயில் எழுதுங்கள்.

இன்சூரன்சில்தான் கொஞ்சம் சதை இருக்கிறது. "விமானத்தைத் தவறவிட்டது பாலிசியில் வராது" என்பது அவர்கள் பதில். பாலிசியின் முழு விதிகளை அவர்களிடமிருந்து வாங்கிப் படியுங்கள். பொதுப் போக்குவரத்து ரத்தாகி அதனால் அடுத்த பயணத்தைத் தவறவிட்டால் பணம் உண்டு என்ற பிரிவு சில பாலிசிகளில் இருக்கும். கால அட்டவணைப்படி டிக்கெட் கொடுத்து ஓடும் ஃபெர்ரியும் பொதுப் போக்குவரத்துதான் என்று வாதிட இடம் இருக்கிறது. அந்தப் பிரிவே உங்கள் பாலிசியில் இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடுங்கள். இருந்தால், ஃபெர்ரி ரத்து என்று வந்த எஸ்எம்எஸ், தவறவிட்ட டிக்கெட், புது டிக்கெட் மூன்றையும் வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டு அங்கே போனால் எடுக்க மாட்டார்கள். எனவே முதலில் ஆம்புட்ஸ்மேன், திருப்தி இல்லையென்றால் ஈரோடு.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உங்களோடு நான்கு பேர் வந்திருந்தாலும் கடல் கொந்தளித்திருக்கும், வெள்ளை பிளேட் வண்டிதான் கிடைத்திருக்கும். தனியாகப் போனதில் தப்பில்லை, தீவில் இருந்து கிளம்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி விடாததில்தான் தப்பு என்று சொல்லுங்கள். வீடியோ விஷயத்தில் மட்டும் அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து லட்சத்தீவு என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். அங்கே இந்தியர்களுக்கும் முன் அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலோ விமானமோ எடுக்கும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும். பவளத்துக்கு அங்கேயும் இதே சட்டம்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்த மெயிலில் தேதி என்ன என்று பார்த்து வையுங்கள். ஆம்புட்ஸ்மேனிடம் போக அதிலிருந்து ஒரு வருடம்தான் கணக்கு. பாலிசி விதிகள் கைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கல் விஷயத்தில் அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கோபி கோர்ட்டில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.